ஆளைச் சொல்லிப் பாடக்கூடாது

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். மழை விட்டிருந்தது. பஸ் நிலையத்தின் தகரக் கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் என் மனைவி கமலமும் மரக்கறிப் பைகளோடு எங்கள் சந்திக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். ஈரச் சாக்கு, டீசல் புகை, ரொட்டிக் கடையில் கருகும் வெங்காயம். எல்லாம் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கென்று ஒரு மணம் உண்டு.

தூணடியில் மருதை உட்கார்ந்து உடுக்கை அடித்துப் பாடிக்கொண்டிருந்தான். சிறுவயதில் அம்மை போட்டுப் பார்வை போனவன். றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், தங்கச்சியோடு இருந்தான். காலை ரயிலில் வருவான், மாலை ரயிலில் போவான். ஐம்பது தாண்டிய ஆளை நான் ‘அவன்’ என்று எழுதுவது சில வாசகர்களுக்கு உறுத்தலாம். அந்த நாட்களில் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ‘அவர்’ என்று மாற்றினால் நான் ஏதோ மரியாதைக்காரனாக இருந்தது போலாகிவிடும்.

போகிற வருகிற ஆட்களைப் பற்றி அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுவதுதான் மருதையின் வித்தை. யார் வருகிறார்கள் என்று பஸ் கண்டக்டர்கள் அவன் காதில் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு ஒரு கண்டக்டர் குனிந்து ஏதோ சொன்னார். உடுக்கு ஒரு கணம் நின்றது. பிறகு வந்தது:

‘பெட்டி வச்சுப் பாட வாராரு சேரு – அவரு
பின்னால யாரு நிக்கிறா பாரு!
பூசாரியும் தூங்கிப்புட்டான் நேத்து – பாவம்
புள்ளையாருதான் முழிச்சிருந்தாரு பாத்து!’

பஸ் நிலையமே சிரித்தது. டிக்கெட் கூண்டுக்குள் இருந்தவர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்.

அதையெல்லாம் நான் பொறுத்துப்போயிருப்பேன். கமலமும் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நாற்பது வருடத்துக்கு மேலாக அவளோடு வாழ்ந்திருக்கிறேன். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

பெட்டியும் பிள்ளையாரும்

பாட்டில் வந்த சேர் நான், பெட்டி என்னுடைய ஆர்மோனியம். ஆசிரியர் கலாசாலையில் சங்கீதம் படித்துத் தேறியவன் நான். தோட்டப் பாடசாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழும் சங்கீதமும் கற்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைதோறும் பிள்ளையார் கோயிலில் பஜனை நடத்திவந்தேன். கூட்டம் குறைவுதான். பூசாரி தூங்கியதும் உண்மைதான்.

உண்மையாக இருந்ததால்தான் அதிகம் எரிந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கமலம் கேட்டாள். “என்னங்க, கோவமா?”

“கோவமென்ன. பிச்சக்காரப் பாட்டு.”

“அதுக்கு ஏன் மூஞ்சி இப்பிடி இருக்கு? பதிலுக்கு நீங்களும் ஒரு அடி எடுத்து விட்டிருக்கலாம்ல? எங்கப்பாவா இருந்தா உட்டிருப்பாரா?”

அவளுடைய அப்பாவை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். மலைநாட்டில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். மன்மதனைச் சிவன் எரித்தார் என்று ஒரு கட்சி, எரிக்கவில்லை என்று ஒரு கட்சி. இரண்டும் எதிரெதிரே நின்று லாவணி பாடும். என் மாமனார் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குத் தூக்கிய தொழிலாளி. பாட வந்துவிட்டால் எரியாத கட்சிக்கு அவர்தான் தலைவர்.

அந்தப் பாட்டுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாரையும் எதையும் சொல்லிப் பாடலாம். பாட்டு வாங்கியவன் பாட்டாலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் சிரித்துவிட்டு உட்கார வேண்டும். கோபித்துக்கொண்டு எழுந்து போனால் தோல்வி. தோட்டத் துரையிடமோ கணக்கப்பிள்ளையிடமோ போய்ச் சொன்னால் அதைவிடக் கேவலம். அப்படிப்பட்டவனோடு அடுத்த வருடம் யாரும் எதிர்க்கட்சியில் நிற்க மாட்டார்கள்.

எனக்கு அதெல்லாம் தெரியும். நானும் அதே லயங்களில் பிறந்தவன்தான். கலாசாலைக்குப் போய் ராகங்களின் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்த பிறகு, தெரிந்ததைத் தெரியாதது போல வைத்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் கமலம் அடுப்படியில் அவளுடைய அப்பாவின் பாட்டொன்றைப் பாடினாள். சுருதி சேரவில்லை என்று சொன்னேன். பிறகு அவள் என் காதுபடப் பாடியதில்லை. அவள் நிறுத்திவிட்டாள் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

தூணுக்குப் பின்னால்

அந்த ஞாயிறுக்குப் பிறகு எனக்கு ஒரு நோய் பிடித்தது. ஏதாவது சாக்குச் சொல்லித் தனியாக டவுனுக்குப் போவேன். மருதைக்குத் தெரியாமல், கண்டக்டர்கள் கண்ணிலும் படாமல், அடுத்த தூணுக்குப் பின்னால் நின்று கேட்பேன்.

அப்படி என்னதான் இருக்கிறது இவன் பாட்டில் என்று தேடினேன். குரல் கரகரப்பு. மேல் ஸ்தாயிக்குப் போனால் மூச்சு வாங்கும். ஒருநாள் நடுவில் சுருதி நன்றாகவே விலகியது. அந்தத் தப்பைத் தோடம்பழ இனிப்பைப் போல வாய்க்குள் அடக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஆனால் அவன் முன்னால் ஆட்கள் நின்றார்கள். வங்கியில் அடகு வைத்துவிட்டு முகம் கறுத்து வந்த பெண், தன்னைப் பற்றி ஓர் அடி கேட்டதும் சிரித்துவிட்டுப் போனாள். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் பரவாயில்லை என்று அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள். புடைவைக் கடை முஸ்லிம் நானா ஒருவர், தன் தொந்தியைப் பற்றிய பாட்டைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் திரும்பப் பாடச் சொன்னதில்லை.

வீட்டில் கமலம் மீன் கழுவும்போது அந்தப் பிள்ளையார் அடியை முணுமுணுத்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தினாள். இரண்டுமே எனக்கு வலித்தது.

சபையின் அழைப்பு

அப்போதுதான் பஸ் நிலையத்தைத் திருத்திக் கட்டினார்கள். எந்தப் பட்டணம் என்று எழுதப்போவதில்லை. மலைநாட்டில் எல்லாப் பட்டணத்திலும் ஒரே பஸ் நிலையம்தான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சாக்கடை, கீழே மீன் கடைகள்.

புதிய நிலையத்தில் பிச்சை எடுக்கக்கூடாது என்று நகர சபை முடிவெடுத்தது. உடல் ஊனமுற்றவர்கள் பாட்டுப் பாடியோ வாத்தியம் வாசித்தோ பிழைத்தால் அவர்களுக்கு மட்டும் அனுமதி. அதற்குப் பாஸ் எடுக்க வேண்டும். குறித்த இடத்தில்தான் உட்கார வேண்டும். ஒலிபெருக்கி கூடாது. இருட்டுமுன் எழுந்துவிட வேண்டும்.

விதிகளைத் தயாரித்த அதிகாரி சிங்களவர், நல்ல மனிதர். இவர்களை விரட்டிவிடச் சொன்னவர்களோடு சண்டை பிடித்துத்தான் அந்தப் பாஸையாவது வாங்கிக் கொடுத்தார். இரண்டு மொழியும் தெரிந்தவன், சங்கீதமும் தெரிந்தவன் என்று என்னை உதவிக்குக் கூப்பிட்டிருந்தார். பியோன் ஒருவர் எங்களுக்குத் தேநீரும் வடையும் கொண்டுவந்து வைத்தார்.

விதிகளை வாசித்து முடித்ததும் அதிகாரி சிங்களத்தில் கேட்டார். “சேர், ஏதாவது விடுபட்டிருக்கிறதா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். நான் தேநீரை ஒரு மிடறு குடித்தேன்.

“ஒன்று இருக்கிறது. சிலர் போகிற வருகிற ஆட்களைக் கேலி செய்து பாடுகிறார்கள். மரியாதையான குடும்பங்கள் மனம் நோகின்றன. யாரையும் அடையாளம் காட்டிப் பாடக்கூடாது என்று ஒரு வரி போட்டால் நல்லது.”

“சரியான யோசனை. எனக்குத் தோன்றவே இல்லை,” என்றார். உடனே சேர்த்துக்கொண்டார்.

சிலர் என்று பன்மையில் சொன்னேன். அந்தப் பட்டணத்தில் அப்படிப் பாடியது ஓர் ஆள்தான்.

ஊர்ல ஆளா இல்ல?

விதிகளை அவர்களுக்குத் தமிழில் விளக்கியதும் நான்தான். சபையின் முன்னறையில் மருதை இருந்தான். போலியோவில் கால் சூம்பிய ஒரு புல்லாங்குழல்காரர் இருந்தார். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். கடைசி வரியைச் சொன்னதும் மருதை முகத்தைத் தூக்கினான்.

“ஆளச் சொல்லாம என்னத்த சேர் பாடுறது? ஊர்ல ஆளா இல்ல?”

“சாமி பாட்டுப் பாடு. சினிமாப் பாட்டுப் பாடு.”

“அதத்தான் எல்லா பஸ்ஸுலயும் ரேடியோ பாடுதே. எனக்கு எவன் நிப்பான்?”

“நான் என்ன செய்ய மருதை? சபை உத்தரவு.”

“சபையிலயா சொன்னாங்க?”

“சபையிலதான்.”

அவன் உடுக்கை மடிக்கு இழுத்துக்கொண்டான். பிறகு, “செரிங்க சேர். பாஸக் குடுங்க. கழுத்துல மாட்டிக்கிறேன். மாட்டுக்கும் அதத்தான செய்றாங்க,” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு மருதை சினிமாப் பாட்டுப் பாடினான். அவன் சொன்னபடியே நடந்தது. ஆட்கள் நிற்கவில்லை. கண்டக்டர்கள் குனிந்து காதில் எதுவும் போடவில்லை. அவன் பாடுவதைக் கேட்டால் யாரோ பாடுவது போல இருந்தது. இப்போது நான் தூணுக்குப் பின்னால் ஒளியத் தேவையில்லை. நேராகவே நடந்து போனேன். அந்தக் கொஞ்ச நாட்கள் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கமலம் ஒருமுறை கேட்டாள். “அவரு ஏங்க முன்ன மாதிரி பாடுறதில்ல?”

“சட்டம் வந்திருக்கு.”

“யாரு போட்டா இப்பிடி ஒரு சட்டத்த? அவங்க வீட்டுல யாரும் சிரிக்கிறதில்லையா?”

நான் பேப்பரைத் திருப்பினேன்.

கமலம் தனியாகப் போன ஞாயிறு

எனக்குச் சளி பிடித்திருந்த ஒரு வாரம் கமலம் தனியாக டவுனுக்குப் போனாள். திரும்பி வந்தவள் பைகளைப் படியிலேயே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

“மருதத் தம்பியோட பாஸப் புடுங்கிட்டாங்க. எந்திரிச்சுப் போன்னு கையப் புடிச்சுத் தூக்கி விட்டுட்டாங்க.”

“ஏன்?”

“நாந்தாங்க. என்னாலதான்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “என்னா தம்பி ஊமையாயிட்டீங்க, என்னயப் பத்தி ஒரு அடி பாடுங்கன்னு கேட்டேன். வேணாம்மா, மேலெடத்து உத்தரவுன்னாரு. நான் விடல. நானே கேட்டுத்தான பாடுறீங்க, எவன் வந்து என்ன சொல்லுவான்னேன். கண்டக்டருங்களும் பாடு பாடுன்னாங்க. பாடிட்டாரு. செக்கூரிட்டி வந்துட்டான்.”

ஒரு மனிதனின் பிழைப்புப் போயிருக்கிறது. எதிரே மனைவி அழுதுகொண்டிருக்கிறாள். என் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி இதுதான்:

“என்னா பாடுனான்?”

அழுகைக்கு நடுவே அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மெதுவாகச் சொன்னாள், சொல்லச் சொல்ல ராகமும் சேர்ந்துகொண்டது:

‘சந்தி பஸ்ஸு ஏறும் அம்மா நில்லுங்க – ஒங்க
சிரிப்புக்கொரு வெல இருந்தா சொல்லுங்க!
மரக்கறிப் பை கையில பெரும் பாரம் – வீட்டுல
மூஞ்சத் தூக்கி வச்சவரு அதவிடப் பாரம்!’

சிரித்தாள். உடனே மறுபடி அழுதாள். “என்னாலதாங்க போச்சு. கண்ணு தெரியாத மனுசன்.”

அந்த வரியைப் போட்டது நான் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். “சட்டம் சட்டந்தான். அழுது என்ன செய்யிறது,” என்று சொல்லிவிட்டு ஆவி பிடிக்கப் போனேன்.

பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரில் என் குறைகள் சிலவற்றை முன்பே எழுதியிருக்கிறேன். அதெல்லாம் இதோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. பொறாமைப்பட்டதைக்கூட மன்னிக்கலாம். என் குற்றத்தை என் மனைவி தன் தலையில் சுமந்து திரிவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருதை கீழே மீன் கடைகளுக்குப் பின்னால் இருந்த சந்தில் உட்கார ஆரம்பித்திருந்தான். பஸ் நிலையத்திலிருந்து வழுக்குகிற படிகளில் இறங்கிப் போக வேண்டும். மீன் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடம். சபையின் விதி அங்கே எட்டாது, ஆட்களும் எட்டமாட்டார்கள். முழங்கால் வலியோடு கமலம் ஞாயிறுதோறும் அந்தப் படிகளில் இறங்கினாள். சோற்றுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

போட்ட வரியை எடுக்க முடியவில்லை

ஒருநாள் அவள் படியில் சறுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். மறுநாளே சபைக்குப் போனேன். அந்த வரியை நீக்க வேண்டும், மருதையின் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அதிகாரியிடம் கேட்டேன்.

“சேர், நீங்கள் சொல்லித்தானே போட்டோம்?” அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். “நல்ல விதி என்று பக்கத்துப் பட்டணத்துக்காரர்களும் கேட்டு வாங்கிப் போனார்கள்.”

“தவறாகச் சொல்லிவிட்டேன்.”

“இடத்தையும் இனிக் கொடுக்க முடியாது. அந்தப் புல்லாங்குழல்காரர் இருக்கிறார். மூன்று பிள்ளைகள். அவரை எழுப்பச் சொல்கிறீர்களா?”

வெளியே வந்தேன். பஸ் நிலையத்தில் மருதையின் தூணடியில் புல்லாங்குழல்காரர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். யாரையும் அடையாளம் காட்டாத சங்கீதம். நான் கேட்டிருந்தது அதைத்தான்.

வேறு வழியில்லாமல் படியிறங்கினேன். மருதை ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் இரண்டு பூனைகள் மட்டும் இருந்தன. நான் கனைத்தேன்.

“சேர் வாங்க. மறுபடியும் சளி புடிச்சிருக்கு போல?”

“மருதை, அந்த உத்தரவு...”

“நீங்க சொல்லித்தான் போட்டாங்க. தெரியும்.”

யார் சொன்னது என்று கேட்டேன்.

“ஒங்களுக்குத் தேத்தண்ணி கொண்டாந்து வச்ச பியோன் எங்க லயத்துக்குப் பக்கத்து லயம். அன்னைக்கு அந்தியிலயே சொல்லிட்டாரு.”

“தெரிஞ்சுமா பேசாம இருந்த?”

“மொதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு சேர். இம்புட்டுப் படிச்ச மனுசன், பெட்டி வாசிக்கிற மனுசன், நம்மளப் பாத்துப் பொறாமப்படுறாருன்னா சும்மாவா? தங்கச்சிக்கிட்டகூடச் சொல்லிச் சிரிச்சேன்.” உடுக்கின் கயிற்றை இழுத்துப் பார்த்தான். “பொறவு எடம் போச்சு. சந்தோசத்த அடுப்புல போட்டா சோறு வேகுமா?”

“கமலத்துக்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா அம்மா வருவாங்களா? அவங்க சோறும் வராது. இந்தச் சந்துல நின்னு கேக்குறதே அவங்க ஒருத்தருதான்.” காலை உரசிய பூனையைத் தள்ளிவிட்டான். “ஆனா சேர், வாராவாரம் வந்து மன்னிச்சுக்கப்பான்னு அழுகுறாங்க. அதக் கேக்க முடியல. நீங்க சொல்லுறீங்களா, இல்ல நான் பாட்டுலயே சொல்லிரவா? இங்கனதான் சட்டம் இல்லையே.”

யாருக்குப் போட்டிருக்க வேண்டும்

அன்று சாயந்தரம் சொன்னேன். கமலம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தூணுக்குப் பின்னால் ஒளிந்ததிலிருந்து தேநீர் குடித்தபடி சொன்ன அந்த வரி வரைக்கும், எதையும் மெழுகாமல் சொன்னேன். அவள் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவரு பாடுனதுக்கா, நான் சிரிச்சதுக்கா?”

பொய் சொல்ல இனித் தெம்பில்லை. “நீ சிரிச்சதுக்கு.”

“அப்ப எனக்குல்ல சட்டம் போட்டிருக்கணும்.”

சோறு வடித்தாள், எனக்கும் போட்டாள். திட்டியிருந்தால் பாட்டு வாங்கியவன் போலச் சிரித்துவிட்டாவது உட்கார்ந்திருப்பேன்.

விதி இன்னும் இருக்கிறது. சபைக்கு மூன்று முறை போய்விட்டேன். கூட்டத்தில் எடுத்துப் பேசுகிறேன் என்று அதிகாரி சொல்கிறார். மருதை இன்னும் சந்தில்தான். மழை நாட்களில் அங்கே உட்கார முடியாது. அன்றைக்கு ரயிலுக்கு எடுத்த டிக்கெட்டும் வீண்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கமலத்தோடு நானும் போகிறேன். படிகளின் உச்சியில் அவள் பைகளை என் கையில் கொடுப்பாள். “நீங்க மேலயே நில்லுங்க” என்பாள். கோபமாகச் சொல்வதில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போவாள்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து உடுக்குச் சத்தம் வரும். ஒரு குரல் பாடும். சில வாரங்களாகப் பதிலுக்கு இன்னொரு குரலும் பாடுகிறது. சுருதி சேரவில்லை. பிறகு இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

மீன் கடைக் கூச்சலில் சொற்கள் பிடிபடுவதில்லை. எழுபது தாண்டிவிட்ட நான், இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு, ஒரு படி இறங்கிக் காதைக் கொடுத்துப் பார்க்கிறேன். என்ன சொல்லி அவளைச் சிரிக்கவைக்கிறான் என்று எனக்கு இன்னும் தெரிந்தாக வேண்டியிருக்கிறது.